இரும்பு சாரின் வயிறு

நீர் வழங்கல் அலுவலகத்தில் துணை மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற அவரை எல்லோரும் இரும்பு சார் என்றே அழைத்தார்கள். முதுகுக்குப் பின்னால் 'துரு' என்றவர்களும் உண்டு. ஆனால் அவர்களும் பிரிவுபசார விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்கள். அன்றைக்கு அவருக்குக் கொடுத்த கேடயத்தில், பணிக்காலம் முழுவதும் தம் உடல்நலக் குறைவுக்காக ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர் என்று பொறித்திருந்தது. அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவர் எடுத்ததெல்லாம் மனைவியின் உடல்நலக் குறைவுக்காக எடுத்த விடுப்பு.

இரும்பு சாருக்கு வருகிற காய்ச்சல், வீட்டு வாசலைத் தாண்டும்போது அவர் மனைவியின் காய்ச்சலாகிவிடும். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவருக்குத் தாடை இரண்டும் பூசணிக்காயாக வீங்கியது. மேலதிகாரி பார்வையிட வருகிற நாள் அது. வேலைக்குச் சேர்ந்த வருஷமே நோயாளி என்று பெயரெடுத்தால் நன்றாகவா இருக்கும் என்று மனிதர் கண்ணாடி முன்னால் தவித்தார். புதுப் பெண்டாட்டி, "எனக்குன்னு சொல்லிடுங்களேன்" என்றாள். அன்பில் சொன்ன வார்த்தை. அவர் அதை நிரந்தர உத்தரவாக எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவருடைய முதுகுப்பிடிப்பு, சிறுநீரகக் கல், மஞ்சள் காமாலை எல்லாம் அந்த அம்மாளின் பெயரில்தான் ஊருக்குள் நடமாடின. மூலம்கூட விதிவிலக்கில்லை. ஒரு கல்யாண வீட்டில் நாத்தனார் ஒருத்தி கையில் தலையணையோடு அவளைத் தேடி வந்து, "இது மேல உக்காருங்க அண்ணி, உறுத்தாது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி ரகசியம் சொன்னாள். அம்மாள் நன்றி சொல்லி உட்கார்ந்துகொண்டாள். உறவினர் யாரும் அவளை ஒரு பாத்திரம் தூக்க விட்டதில்லை. உண்மையில் அவள் கல்லைத் தின்றாலும் கரைக்கிற வயிற்றுக்காரி. லிஃப்ட் நின்றுபோன நாட்களில் குடிதண்ணீர்க் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு மாடியேறுகிறவள். அதைப் பார்த்த ஒரே சாட்சி இரும்பு சார். அவர் பின்னால் கைவீசிக்கொண்டு ஏறி வருவார்.

இந்த ஏற்பாட்டில் யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் அவர் நம்பியிருந்தார். அம்மாளுக்கு ஒரே ஒரு தங்கை. கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போய் ஒரு துறைமுக ஊரில் துணி தைக்கிற கடை வைத்திருக்கிறாள். வா அக்கா, வா அக்கா என்று அவள் கூப்பிடும்போதெல்லாம் அக்கா வாய் திறப்பதற்கு முன் சொந்தக்காரர்கள் பதில் சொல்லிவிடுவார்கள்: பாவம், அவளால் முடியாது. இப்போது தங்கைக்கே இடுப்பு எலும்பு மாற்றியிருக்கிறார்கள்; நாலுகால் தாங்கியைப் பிடித்துத்தான் நடக்கிறாள், நெடும்பயணம் ஆகாது. அக்காவும் தங்கையும் நேரில் பார்த்துப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

மகன் பல் வைத்தியன். அவன் அப்பா அம்மாவைக் கப்பல் பயணம் கூட்டிப்போவதாகச் சொன்னபோது, மருமகள் நாலைந்து கப்பல்களின் வழித்தடப் படங்களை மேஜையில் பரப்பினாள். இரும்பு சார் எந்தக் கப்பலில் கேப்டனோடு விருந்துண்ணலாம் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அம்மாள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து ஒரு படத்தில் ஒரு புள்ளிமேல் விரலை வைத்தாள். இந்த ஊரில் கப்பல் நிற்குமா என்று கேட்டாள். ஒரு பகல் முழுக்க நிற்கும் அத்தை என்றாள் மருமகள். "அப்ப இதுலயே போவோம்" என்றாள் அம்மாள். அந்தக் குடும்பத்தில் அவள் எதையாவது தேர்ந்தெடுத்து யாரும் பார்த்ததில்லை. ஆகையால் மறுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

கப்பலேறிய முதல் நாள் மாலை இரும்பு சார் பித்தளைப் பொத்தான் வைத்த நீலக் கோட்டோடு மேல்தளத்தில் உலா வந்தார். இரண்டு பேர் அவரிடம் வந்து கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள். அவர் கப்பல் ஊழியர் இல்லையென்று சொல்ல மனமில்லாமல் கையை நீட்டி வழி காட்டினார். காட்டிய வழியில் நீச்சல் குளம் இருந்தது.

சாப்பாட்டுக் கூடத்து வாசலில் ஒரு பெண் ஒவ்வொருவர் கையிலும் கிருமிநாசினி பீய்ச்சிக்கொண்டிருந்தாள். மகன் நீட்டினான், மருமகள் நீட்டினாள், அம்மாள் இரண்டு தடவை நீட்டினாள். இரும்பு சார் கையைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, கிருமிதான் தம்மைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு விளக்கினார். உள்ளே பனிக்கட்டிக் குன்றின்மேல் வேகவைக்காத சிப்பிகளை அடுக்கியிருந்தார்கள். மகன் வேண்டாம்பா என்றான். அதற்காகவே ஒரு தட்டு நிறைய எடுத்தார். வயிறு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு சிப்பிக்கும் ஒரு பாடம் நடத்தினார்.

மறுநாள் விடிந்ததும் சிப்பிகள் பாடம் நடத்தின.

கப்பலில் குளியலறை என்பது ஒரு அலமாரி அளவுதான். உட்கார்ந்த இடத்திலிருந்தே கதவு, குழாய், கண்ணாடி மூன்றையும் தொடலாம். இதென்ன அறை என்று முந்தின நாள் குறைபட்டவர், அன்று காலை அந்த அமைப்பின் அருமையை உணர்ந்தார். அம்மாள் வாசலில் நின்று, ஒவ்வொரு முறையும் அவர் நெற்றியைக் கையில் தாங்கிக்கொண்டாள். ஈரத்துணியால் கழுத்தைத் துடைத்தாள். அவளுக்கு இது மனப்பாடம். அவர் முனகலின் சுருதியை வைத்தே அடுத்தது வாந்தியா பேதியா என்று சொல்லிவிடுவாள்.

சற்று ஓய்ந்ததும் அவர் கப்பல் மருத்துவ அறைக்குப் போன் செய்தார். மாத்திரை மட்டும் அனுப்பினால் போதும் என்று கேட்கத்தான் எடுத்தார். எதிர்முனையில் யாருக்கு என்றார்கள். நாக்கு அவரைக் கேட்காமலே பழக்கப்பட்ட பாதையில் போய்விட்டது. "என் மனைவிக்கு" என்றார்.

அம்மாள் கையிலிருந்த ஈரத்துணியைக் கொடியில் போட்டுவிட்டுப் படுக்கையில் படுத்தாள். போர்வையைத் தாடைவரை இழுத்துக்கொண்டாள். திரை விலகுவதற்குள் தன் இடத்துக்குப் போய்ச் சேருகிற நடிகையைப்போல.

நர்ஸம்மா கையுறை, முகக்கவசம் சகிதம் வந்தாள். எப்போது ஆரம்பித்தது, எத்தனை முறை, வயிற்றில் எந்தப் பக்கம் வலி என்று கேட்டாள். அம்மாள் கணவரின் அவஸ்தையை ஒரு துளி சிந்தாமல் ஒப்பித்தாள். ஓரிடத்தில் மட்டும் அவள் தப்பாகச் சொல்ல, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த இரும்பு சார் எண்ணிக்கையைத் திருத்தினார். இவ்வளவு கவனமான புருஷனை நர்ஸம்மா பார்த்ததில்லை போலிருக்கிறது; பாராட்டாகத் தலையாட்டினாள். மாத்திரையும் உப்புச் சர்க்கரைப் பொட்டலங்களும் கொடுத்தாள். பிறகு அறைக் கதவின் வெளிப்பக்கம் ஒரு சிவப்பு அட்டையை ஒட்டினாள். கரையில் இறங்கும்போது காட்டவேண்டிய அம்மாளின் கப்பல் அட்டையையும் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ரெண்டு நாளைக்கு நோயாளி இந்த அறையை விட்டு வெளியே வரக் கூடாது, இது தொத்திக்கொள்கிற வியாதி, கப்பலில் இதுதான் சட்டம் என்றாள்.

அம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். "நாளைக்கு நான் கரையில இறங்கணுமே."

"முடியாதும்மா."

அந்த வார்த்தையை அவள் வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறாள். ஆனால் இதுவரை அதைச் சொன்னவர்கள் கையில் அவளுடைய அட்டை இருந்ததில்லை.

நர்ஸம்மா கதவைச் சாத்திக்கொண்டு போனாள். கதவோரம் ஒரு பை தயாராக இருந்தது. தங்கைக்கு மெத்தென்ற செருப்பு, இரண்டு இரவு உடுப்பு, அவளைச் சின்ன வயதில் எடுத்த புகைப்படங்கள். அம்மாள் அந்தப் பையைப் பார்த்தாள். கணவரைப் பார்க்கவில்லை. கத்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். பதிலுக்குக் கத்தத் தெரியும். அவள் ஒரு பொட்டலத்தைக் கிழித்துத் தண்ணீரில் கரைத்து, மாத்திரையோடு அவரிடம் நீட்டினாள். அவர் குடித்து முடிக்கிறவரை காத்திருந்து டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க. எனக்கு இதச் சொல்ல வாய் வராது" என்றாள்.

கேப்டனிடமே பேசுகிறேன் பார் என்று இரும்பு சார் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கேப்டன் வரைக்கும் போக வழியில்லை. வரவேற்பு மேஜை வரைக்கும்தான் இருந்தது. அங்கிருந்த பெண், இவர் பழைய பதவியின் பெயரை முழுதாகச் சொல்லி முடிக்கிறவரை பொறுமையாகக் கேட்டாள். அப்புறம் உங்க மனைவி நல்லா ஓய்வெடுக்கட்டும் சார் என்று சொல்லி அவர் கையில் கிருமிநாசினியைப் பீய்ச்சினாள். இந்தத் தடவை அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துப் பிடித்துத்தான் நடக்க முடிந்தது. அவருக்குப் பின்னாலேயே ஒரு ஊழியன் கம்பியைத் துடைத்துக்கொண்டு வந்தான். அது தற்செயல்தான். ஆனாலும் தம்மைத் துரத்துவதாக அவருக்குப் பட்டது.

மேல்தளத்தில் ஒரு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து மச்சினிக்குப் போன் செய்தார். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று ஆரம்பித்தார். எத்தனையோ பேரிடம் எத்தனையோ தடவை சொன்ன வாக்கியம். ஒருவர்கூட அதைச் சந்தேகித்ததில்லை. மச்சினியும் சந்தேகிக்கவில்லை. அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

"பரவால்ல அத்தான். அவ உடம்பு எப்பவும் அப்படித்தானே. இவ்வளவு தூரம் பத்திரமா கூட்டிட்டு வந்தீங்களே, அதுவே பெருசு" என்றாள் அவள். பிறகு குரலைத் தேற்றிக்கொண்டு, "நான் கரையில வந்து நிக்கிறேன். ரூம் ஜன்னல்லேர்ந்து கைய மட்டும் ஆட்டச் சொல்லுங்க. எனக்கு அது போதும்" என்றாள்.

அவர்களுடைய அறைக்கு ஜன்னல் கிடையாது. கப்பலின் நடுவயிற்றில் இருக்கிற அறை. அங்கேதான் ஆட்டம் குறைவு என்று அந்த அறையைக் கேட்டு வாங்கியவர் இரும்பு சார். சரிம்மா என்று சொல்லிப் போனை வைத்தார்.

அன்று பிற்பகல் பயணிகள் தங்கள் திறமையைக் காட்டும் நிகழ்ச்சி இருந்தது. 'நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்' என்ற தலைப்பில் பேச அவர் முதல் நாளே பெயர் கொடுத்திருந்தார். மகனும் மருமகளும் அரங்கத்தில் அவருக்காக இடம் பிடித்துக் காத்திருந்தார்கள். அவர் மேடைப் பக்கம் திரும்பாமல் நேரே மகனிடம் போய், வாந்தி பேதி அம்மாவுக்கு இல்லை, தமக்குத்தான் என்றார்.

மகனுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான். "சித்தியப் பாக்க அம்மா ஆசைப்படறது எனக்கும் தெரியும்ப்பா. அதுக்காக நீங்க பொய் சொல்ல வேண்டாம்" என்றான்.

ஆயுளில் முதல் தடவையாக உண்மையைச் சொல்லியிருக்கிறார். பெற்ற பிள்ளையே நம்பவில்லை. மகனையும் மருமகளையும் இழுத்துக்கொண்டு போன மருத்துவ அறையில் அதைவிட மோசம். நர்ஸம்மா கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, எல்லாப் புருஷனும் இப்படி இருந்தால் உலகம் உருப்பட்டுவிடும் என்றாள். இரும்பு சார் தாம் நல்லவர் இல்லை என்று மேஜையைத் தட்டிச் சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல அவர் தியாகத்தின் உயரம் கூடிக்கொண்டே போயிற்று. அரங்கத்து ஒலிபெருக்கி அவர் பெயரை அழைத்து, நோயற்ற வாழ்வைப் பற்றிப் பேச மேடைக்கு வரும்படி கப்பல் முழுக்கக் கேட்டுக்கொண்டது.

மருமகள் மழலையர் பள்ளி ஆசிரியை. அவள் மாமனார் சொல்வதைக் கேட்காமல் அவர் மேலுதட்டு வியர்வையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூலையிலிருந்த வாளியை எடுத்து வந்து மடியருகே வைத்து, "அடக்காதீங்க மாமா" என்று மெல்லச் சொன்னாள்.

காலையிலிருந்து பல்லைக் கடித்துக் கட்டிக் காத்த இரும்பு, அந்தக் குரலில் இளகிவிட்டது. வாளி போதுமானதாக இருந்தது என்று மட்டும் சொல்லி மேலே போகலாம்.

நர்ஸம்மா வெப்பமானியைப் பார்த்தாள். அப்படியென்றால் இரண்டு பேருக்குமே தொத்திவிட்டது, இரண்டு பேரும் அறையைவிட்டு நகரக் கூடாது என்றாள். இவர் சொன்ன உண்மை மனைவியை மீட்காமல் இவரையும் உள்ளே தள்ளிவிட்டது. இன்னொன்றும் பாக்கியிருந்தது. அதைச் சொன்னால்தான் கதவு திறக்கும். மகனின் முகத்தைப் பார்க்காமல், வாளியைப் பார்த்து அவர் சொன்னார்:

"எனக்கு எது வந்தாலும் அவளுக்குன்னு சொல்றது எங்க வீட்டுப் பழக்கம். ஆரம்பத்துலேர்ந்து அப்படித்தான். அவளுக்கு ஒண்ணும் இல்ல. எப்பவுமே இருந்ததில்ல."

மகன், சின்ன வயதில் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை என்று தன்னைப் பெரியப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டதைக் கேட்டான். என்னுது, என்றார். முதுகுப்பிடிப்பு? என்னுது. அந்தத் தலையணை விவகாரம்? அவர் தலையை மட்டும் அசைத்தார். மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஆனால் அவள் கேட்ட கேள்வியில் சிரிப்பு இல்லை.

"அப்ப அத்தைக்கு நெஜமா முடியாம போனப்ப என்ன பண்ணுவாங்க மாமா?"

அவர் யோசித்துப் பார்த்தார். வீட்டிலிருந்த படுக்கையில் எப்போதும் அவர்தான் படுத்திருந்தார். பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவளுக்குச் சுரம் அடித்ததா என்று தொட்டுப் பார்த்த ஞாபகமே இல்லை.

"தெரியலம்மா" என்றார். "அவளுக்கு இடம் இருந்திருக்காது."

நர்ஸம்மா டாக்டரை அழைத்துக்கொண்டு அறைக்குப் போய்ப் பார்த்தபோது, நோயாளிக்கென்று அனுப்பிய கஞ்சிக் கிண்ணம் வழித்துத் துடைத்திருந்தது. காய்ந்த ரொட்டியும் காலி. அவசரத்துக்கென்று வைத்திருந்த பிஸ்கட் பொட்டலமும் காலி. இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று அம்மாள் கூச்சத்தோடு கேட்டாள். டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார், நாடி பார்த்தார். இந்தத் தளத்திலேயே ஆரோக்கியமான ஆள் இந்த அம்மாதான் என்றார். ராத்திரி மகன் அறையில் தங்கட்டும், காலைவரை ஒன்றுமில்லையென்றால் இறங்கலாம் என்று தீர்ப்பானது. கதவிலிருந்த சிவப்பு அட்டை அப்படியே இருந்தது. ஆள் மட்டும் மாறினார்.

மறுநாள் காலை அவள் கைப்பையோடு திறந்த கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே வர அனுமதியில்லை. உள்ளே அவர் போர்வையைத் தாடைவரை இழுத்துப் போர்த்திப் படுத்திருந்தார். அந்த இடத்தில் அவருக்கு அனுபவம் அதிகம். ஆனால் ஊரறியப் படுத்திருப்பது இதுதான் முதல் முறை.

"தனியா இருந்துப்பீங்களா? நான் வேணா சீக்கிரம் வந்துடறேன்."

"நீ மெதுவா வா. சீக்காளி சொல்றேன், கேளு."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தது நர்ஸம்மாவுக்குக் கேட்டிருக்குமோ என்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அறைத் தொலைக்காட்சியில் ஒரு எண்ணை அழுத்தினால், கப்பலின் பக்கவாட்டுக் காமிரா பார்ப்பதை நாமும் பார்க்கலாம். சத்தம் வராது. முந்தின நாள் முழுக்க அதில் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது சிமென்ட் தளமும் கயிறு கட்டும் குத்துக்கற்களும் தடுப்புக் கம்பியும் தெரிந்தன. இரும்பு சார் தலையணையை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். மேலிருந்து பார்க்கையில் மனிதர்களெல்லாம் தலையும் செருப்புமாகத்தான் தெரிந்தார்கள். தடுப்புக் கம்பிக்கு அப்பால் ஒரு பெண் தாங்கியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து கப்பலின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா இறங்கி வருவாள் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. சொல்ல வேண்டிய ஆள் தாம்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

இறங்குபடியிலிருந்து ஒரு உருவம் வந்தது. முதலில் நடந்தது. பிறகு வேகமாக நடந்தது. பிறகு ஓடியது. மகன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஈடுகொடுக்க முடியாமல் ஓடினான். தம் மனைவி ஓடி அவர் பார்த்ததில்லை. இவ்வளவு நன்றாக ஓடுவாள் என்று நினைத்ததுமில்லை. தாங்கி பிடித்திருந்த பெண் இன்னும் ஜன்னல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்க இல்லம்மா, கீழ பாரு" என்று அவர் சத்தமாகத் திரையிடம் சொன்னார்.

அவள் கீழே பார்த்தாள். தாங்கி ஒருபக்கமாகச் சாய்ந்து விழுந்தது. அதை யாரும் எடுக்கவில்லை. தேவைப்படவில்லை; பிடித்துக்கொள்ள ஆள் இருந்தது. வெகுநேரம் அந்தத் திரையில் எதுவும் நகரவில்லை. காமிரா கெட்டுவிட்டதோ என்று நினைக்கும்படி இருந்தது. ஓரத்தில் மகன் ஒரு குத்துக்கல்மேல் உட்கார்ந்து மூச்சு வாங்குவது தெரிந்ததால்தான் படம் ஓடுகிறது என்று நம்பினார்.

போன் அடித்தது. மச்சினி. மூக்கடைத்த குரல். திட்டப்போகிறாள் என்று எதிர்பார்த்து அவர் கண்ணை மூடிக்கொண்டார். திட்டுவதற்கு அவளுக்கு முழு உரிமை இருந்தது. அக்கா நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள்.

"உங்ககிட்ட நான் அப்புறமா பேசிக்கறேன் அத்தான்" என்றாள் அவள். ஒரு இழுப்பு மூக்கை உறிஞ்சினாள். "இப்ப சொல்லுங்க, உடம்பு எப்படி இருக்கு?"

இரும்பு சாரிடம் இந்தக் கேள்வியை இதுவரை எவரும் கேட்டதில்லை. எல்லோரும் அவரிடம் கேட்டது மனைவியின் உடம்பைத்தான். நன்றாக இருக்கிறேன் என்பது வாய்வரைக்கும் வந்து நின்றது. திரையில் இரண்டு பெண்களும் ஒரே போனில் காதை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"சரியில்லம்மா" என்றார். சொன்னதும் உடம்பு கொஞ்சம் லேசானதுபோல் இருந்தது. இன்னும் சொல்லலாம் என்று பட்டது. "நேத்துலேர்ந்து ஒண்ணும் தங்கல. காலு ரெண்டும் துவண்டு போகுது. தல சுத்துது."

அவள் ம் கொட்டிக்கொண்டே கேட்டாள். அவர் சொல்லிக்கொண்டே போனார்.